எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்

இந்த டிசம்பரிலும் ஒரு வீட்டில் குடிலும் சவுக்கு மரமும் எரிந்து, திரைச்சீலை வரை கருகிவிட்டது. புது வயரிங்குக்காக என்னை அழைத்தவர் முதலில் கேட்டதே, “எம்.சி.பி. இருந்தும் எப்படி அண்ணாச்சி தீப்பிடித்தது?” என்றுதான். எம்.சி.பி. என்பது, மின்சாரம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்.

நாகர்கோவில் பக்கம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. மரத்தில் சுற்றிய சீரியல் செட்டை அல்ல. பிளக் பாயிண்டுக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதைத் தாண்டினால்தான் விழும். கொஞ்சமாகத் தாண்டினால் உடனே விழவும் செய்யாது. சீரியல் செட் வயரோ மிக மெல்லியது. ஏதோ பழுதில் அதில் 10 ஆம்பியர் ஓடினால் வயர் பழுத்துவிடும். எம்.சி.பி.யின் கணக்கில் யாரோ வாட்டர் ஹீட்டர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கசிவு பூமிக்குப் போனால்தான் விழும். அது ஆளைக் காப்பாற்ற வந்தது, வைக்கோலை அல்ல.

“எல்.இ.டி. சூடாகாதே” என்பது அடுத்த வாதம். பல்பு அவ்வளவாகச் சூடாகாது, சரி. டேப் சுற்றாமல் முறுக்கிவிட்ட ஜாயிண்ட்? பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி செருகிச் சாக்கெட்டில் மாட்டுகிறவர்களிடம் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

போன வருடச் செட்டை மாட்டுமுன் முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள், பிளக்கில் மாட்டாமல். வெடித்த வயர் என்றால் குப்பைக்கு. ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொன்றைச் செருகாதீர்கள். காகித நட்சத்திரத்துக்குள் 60 வாட் குண்டு பல்பு கூடவே கூடாது, சின்ன எல்.இ.டி. பல்பு போதும். குடில் வைக்கோலுக்குள் ஜாயிண்ட் வேண்டாம், பக்கத்தில் மெழுகுவர்த்தியும் வேண்டாம். வெட்டிய சவுக்கு நாளுக்கு நாள் காய்கிறது. மரத்தை நட்டுவைத்த வாளி மணலை நனைத்தாலும் ஓரளவுக்குத்தான். தொட்டால் ஊசி உதிர்கிறதா, அன்றே வெளியே போடுங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கிளம்பும்போது, பாலன் இயேசு இருட்டில் இருக்கக் கூடாதென்று விளக்கை எரியவிட்டுப் போகிறீர்கள். தயவுசெய்து அணைத்துவிட்டுப் போங்கள், அம்மா. திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்.

தீப்பிடித்துவிட்டால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மரம் பற்றினால் அதற்கும் நேரமிருக்காது. எல்லோரையும் வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள்.