பந்தைப் போடுவது இருக்கட்டும், முதலில் நிற்கப் பழகட்டும்

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் கோடை முகாம் தொடங்கும். முதல் நாள் வரும் பிள்ளைகள் கையில் நான் பந்தைக் கொடுப்பதில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சிமென்ட் கிரவுண்டு. விசில் அடித்தால் ஓடணும், மறு விசிலுக்கு நிற்கணும். அவ்வளவுதான் பாடம். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்களின் முகம் அரை மணி நேரத்தில் சுருங்கிவிடும். "பாஸ்கெட்பால் சொல்லிக் குடுப்பீங்கன்னு கூட்டிட்டு வந்தனுங்க சார்" என்று போன வருடம் ஒருவர் கேட்டே விட்டார். இதுதானுங்க பாஸ்கெட்பால் என்றேன். அவர் நம்பவில்லை.

நம்பவைக்க 1891-க்குப் போக வேண்டியிருந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு ஒரு தலைவலி. குளிர்காலம், வெளியே ஆட முடியாது. உள்ளே 18 வாலிபர்கள், யாருக்கும் அடங்காதவர்கள். ரக்பி போன்ற ஆட்டத்தைக் கூரைக்குக் கீழே ஆடவிட்டால் கைகால் மிஞ்சாது. ஒருவனை மற்றவர்கள் இழுத்துத் தள்ளுவது எதற்காக? அவன் பந்தோடு ஓடுகிறான் என்பதற்காக. சரி, பந்தோடு ஓடவே கூடாது என்று வைத்துவிட்டால்? அவர் எழுதிய 13 விதிகளில் மூன்றாவது இதுதான். பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். வேகமாக ஓடிவரும்போது பிடித்தவன் நிற்க முயன்றால் அவனுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிளிங் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே காலடி கூட்டினால் ட்ராவலிங் என்று நடுவர் விசில் அடிப்பது அந்த மூன்றாவது விதியின் வாரிசுதான். பிள்ளைகள் ஆட்டத்தில் பந்து கைமாறிப் போவதை ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எதிரி பறித்துக்கொண்டது கொஞ்சம்தான் இருக்கும். நிற்கத் தெரியாமல் தானே விட்டதுதான் அதிகம்.

நிற்பதை நான் காதால்தான் சரிபார்ப்பேன். பிள்ளை ஓடிவந்து சின்னதாக ஒரு தாவு தாவி, இரண்டு காலையும் சேர்த்துத் தரையில் வைக்க வேண்டும். 'டப்' என்று ஒரே சத்தம் கேட்கணும். 'டப்-டப்' என்று இரண்டு கேட்டால் மறுபடியும் ஓடு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இன்னும் நன்றாகப் பிடிபடும். இதில் விதியும் இருக்கிறது. அந்தரத்தில் பந்தைப் பிடித்து இரண்டு காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டால் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக, அதாவது நகராமல் ஊன்றிய காலாக, வைத்துத் திரும்பலாம். ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இறங்கினால் முதலில் தொட்ட கால்தான் பிவட். வேறு வழி கிடையாது. ஒரே சத்தத்தில் நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது.

அப்புறம் முட்டி. இறங்கும்போது முட்டி மடங்கி, பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி இறங்கும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், நிறைய. முட்டிக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் கிழிவது பல நேரம் யாரும் இடித்து அல்ல, இப்படித் தப்பாக இறங்கியும் திடீரெனத் திரும்பியும்தான். பருவ வயதுப் பெண்களுக்கு அது பையன்களைவிட அதிகம் நேர்கிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்கு தெரிந்த விஷயம். கிழிந்தால் அறுவை சிகிச்சை, அதன்பின் பல மாதம் கிரவுண்டுப் பக்கம் வர முடியாது. தினமும் 15 நிமிடம் தாவி இறங்கப் பழக்குவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். பழக்காமல் விடும் முகாமுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றே சொல்வேன்.

அடுத்த தப்பு பந்திலேயே இருக்கிறது. கடைக்குப் போனால் 7-ம் நம்பர் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், பெரியதாக, கம்பீரமாக இருக்கும். அது வளர்ந்த ஆண்களுக்கானது, 600 கிராம் பக்கம் எடை. பெண்களுக்கு 6. சின்னப் பிள்ளைகளுக்கு 5, அது 500 கிராமுக்குள் நிற்கும். பத்து வயதுப் பையன் 7-ம் நம்பர் பந்தை ரிங்குக்கு எறிய வேண்டுமானால் இடுப்பிலிருந்து, குடத்தைத் தூக்கி வீசுகிற மாதிரிதான் எறிவான். நாலு தடவை உள்ளே விழுந்துவிட்டால் போச்சு, அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிடும். பதினைந்து வயதில் அதைக் கழற்ற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ரிங் உயரமும் அப்படித்தான். 3.05 மீட்டர் என்பது சாஸ்திரம் பார்த்து வைத்ததல்ல. நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணி அடித்த பால்கனி பத்து அடி உயரத்தில் இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. சிறுவர் ஆட்டமான மினி பாஸ்கெட்பாலில் ரிங் 2.60 மீட்டர்தான். எங்களிடம் இறக்கி ஏற்றும் கம்பம் கிடையாது. லேத் பட்டறையில் ஒரு இரும்பு வளையம் அடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அழகாக இல்லை, ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு சரியாக மடங்குகிறது.

எங்கள் ஊருக்கென்று ஒரு வில்லங்கமும் உண்டு, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. ஜூனில் மேற்கிலிருந்து வரும், மார்கழியில் கிழக்கிலிருந்து வரும், எப்படி வந்தாலும் எங்கள் கிரவுண்டு வழியாகத்தான் போகும். தூரத்திலிருந்து எறிகிற பந்து ரிங்கை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகும். டிவியில் பார்த்த த்ரீ பாயிண்டரை, தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்கும் எறிதலை, எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுப் பார்க்க ஆசை, 6.75 மீட்டரிலிருந்து. காற்று அதை விடுவதில்லை. எனக்கு இதில் உள்ளூர சந்தோஷம்தான். கிட்டப் போய், போர்டில் வரைந்திருக்கும் சதுரத்தில் தட்டிப் போடும் லே-அப்பை அதனாலேயே ஒழுங்காகக் கற்கிறார்கள்.

லே-அப்புக்கு முதலில் தென்னை மட்டையைத் தரையில் போட்டுத்தான் காலடி பழக்கினேன். முதல் மட்டையை வலது காலால் தாண்டு, இரண்டாவதை இடது காலால் தாண்டு, இடது காலிலேயே எம்பு, வலது கையால் போடு. ஒருவன் மட்டை மேலேயே மிதித்துச் சறுக்கி விழுந்தான். அன்றோடு கயிற்றுக்கு மாறிவிட்டோம். கயிறு போட்டு ஒரு வாரம், கயிற்றை எடுத்துவிட்டு ஒரு வாரம், பிறகு இடது பக்கத்துக்கு எல்லாமே தலைகீழ். எங்கள் கிரவுண்டில் பாதிப் பேர் என்னை 'சார்' என்பார்கள், பாதிப் பேர் மலையாளத்தில் 'மாஷே' என்பார்கள். வலதும் இடதும் இரண்டு பாஷைக்கும் ஒத்துப்போவது நல்லதாயிற்று.

இனி ஒழுக்கம். இந்தப் பேச்சை எடுத்தாலே பலருக்கு ஞாபகம் வருவது ரவுண்டு ஓடவிடுவதுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சியாளராக எனக்கு இரண்டாவது வருடம், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மூன்றாவது நாளாகத் தாமதமாக வந்தான். காரணம் கேட்கவில்லை. பத்து ரவுண்டு என்றேன். ஓடினான். அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாவது நாள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா தொழுவத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க சார், உக்காருங்க. அவன்தானுங்க காலைல சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் அளந்துட்டு வரணும். அங்க வரிசை நின்னா லேட் ஆயிருதுங்க" என்றார். பையன் உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் திரும்பி வரவே இல்லை. நல்ல நீளமான கை அவனுக்கு.

அதன்பிறகு ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதில்லை. இந்த ஆட்டத்துக்கு உயிரே ஓட்டம். அதைத் தண்டனை ஆக்கினால் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும். தாமதமாக வருபவனிடம் முதலில் காரணம் கேட்கிறேன். பால் ஊற்றிவிட்டு வருபவனுக்கு ஆறரை மணி, மற்றவர்களுக்கு ஆறு. இது சமமா என்று கேட்பவர்களை ஒருநாள் அந்தப் பால் கேனைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் யாருக்கும் விலக்கு கிடையாது, சீமாறு. காற்று கொண்டுவந்து கொட்டும் மண்ணும் சருகும் சிமென்ட் மேல் கிடந்தால் கால் வழுக்கும். ஆட்டத்துக்கு முன் கூட்டியே ஆக வேண்டும். ஜெர்சி நம்பர் வரிசையில் தினம் இரண்டு பேர், கேப்டனும் உண்டு, நானும் உண்டு. "எம்பையன் கூட்டறதுக்கா வர்றான்?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். யார் கூட்டலாம், யார் கூட்டக்கூடாது என்று நம் ஊரில் காலகாலமாக ஒரு கணக்கு இருக்கிறதே, அதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்தது. வேண்டுமானால் உங்கள் முறைக்கு நான் கூட்டுகிறேன், பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்றேன். மறுவாரம் பையனே கூட்டினான். பையன்கள் பலருக்கு சீமாற்றைப் பிடிக்கவே தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெண் பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மனப்பான்மையை எப்படி அளப்பது என்று இளம் பயிற்சியாளர்கள் கேட்பார்கள். நான் பார்ப்பது பந்தைப் பறிகொடுத்த அடுத்த இரண்டு நொடி. ஒரு மேட்சில் எங்கள் பெண் ஒருத்தி, பதிமூன்று வயது, பந்தை விட்டாள். ஃபவுல் என்று நினைத்து நடுவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். அது ஃபவுல்தான், எனக்கும் தெரிந்தது. விசில் வரவில்லை. அவள் கையை விரித்து நின்ற நேரத்தில் அந்தப் பக்கம் ஐந்து பேருக்கு எங்கள் நாலு பேர். கூடை விழுந்தது. டைம் அவுட்டில் நான் திட்டவில்லை. எத்தனை பேர் டிஃபன்ஸ் ஆடினோம் என்று மட்டும் கேட்டேன். "நாலு" என்றாள், தரையைப் பார்த்து. அடுத்த தடவை பந்து போனதும் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் திரும்பி ஓடினாள். பந்து கிடைத்ததா? இல்லை. அந்த மேட்சைத் தோற்றோம்.

இதில் பயிற்சியாளர் நடந்துகொள்வதும் அடங்கும். நடுவரிடம் கத்தினால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது ஸ்கோர் ஷீட்டில் தெரியும். நான் கத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பத்துப் பிள்ளைகள் எந்த ஷீட்டிலும் வரமாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வேலிக்கு வெளியே ஒருவர் "போடு, போடு" என்பார், இன்னொருவர் "எறியடா மோனே" என்பார், நான் உள்ளே "பாஸ்" என்பேன். பிள்ளை யார் சொல்வதைக் கேட்கும்? அப்பா சொல்வதைத்தான். கைதட்டுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிரேஸ் மார்க் கேள்வி முகாமின் முதல் வாரத்திலேயே வந்துவிடும். கேரளத்தில் விளையாட்டுச் சாதனைக்கு மதிப்பெண் சலுகை உண்டு, அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளின் வீட்டில் கீது அன்னா ஜோஸ் பெயரைச் சொல்வார்கள். கோட்டயத்துப் பக்கத்துப் பெண், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், ஆஸ்திரேலிய கிளப்பில் ஆடியவர், 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற அமெரிக்கப் பெண்கள் பாஸ்கெட்பால் லீக் அணிகளின் தேர்வு வரை போனவர், 2014-ல் அர்ஜுனா விருது. அவர் உயரம் ஆறடிக்கு மேல். உயரத்தை நான் சொல்லிக் கொடுக்க முடியாது. சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், எனக்கு மூன்று வருடம் வேண்டும், அதில் முதல் வருடம் மேட்சே இருக்காது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு முகாம் தேடிப் போகிறார்கள், போகட்டும்.

போன வருடம் கேள்வி கேட்ட அந்த அப்பா போகவில்லை. இப்போதும் வேலி ஓரம்தான் நிற்கிறார். நேற்றுப் பையன் ஓடிவந்து நின்றபோது என்னை முந்திக்கொண்டு அவரே சொன்னார்: "ரண்டு சத்தங் கேட்டுதுங்க சார்."