ஹோம்: வீடா, இல்லமா, ஊரா?

"ஆங்கிலத்தில் ஹவுஸ் வேறு, ஹோம் வேறு. செங்கல்லால் கட்டினால் ஹவுஸ், பாசத்தால் கட்டினால் ஹோம். தமிழில் இரண்டுக்கும் வீடுதான்." பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கித் தரும் பேச்சு இது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. ஹோம் சுமக்கும் பொருளில் பெரும் பங்கைத் தமிழ் இன்னொரு சொல்லிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தச் சொல் ஊர்.

ஹோம் பிறந்த கதையைப் பார்த்தால் இது விளங்கும். பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ஹாம்'. ஒரு குடியிருப்பு, ஒரு பண்ணை, ஒரு சிற்றூர், இவை எல்லாவற்றையும் அது குறித்தது. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு 'ஹைம்'. இன்று வழக்கொழிந்துவிட்ட கோதிக் மொழியில் 'ஹைம்ஸ்' என்றால் நேரடியாகவே கிராமம். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்ற பெயர்களின் வாலில் ஒட்டியிருக்கும் ஹாம் இதுதான். பெயோர்மா என்பவனின் ஆட்கள் குடியேறிய இடம் பர்மிங்ஹாம். நம் ஆம்பூர், வேலூர் மாதிரிதான். (இங்கிலாந்தில் ஹாம் என்று முடிகிற ஊரெல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆற்றோரப் புல்வெளியைக் குறித்த வேறொரு சொல்லும் தேய்ந்து அதே வடிவத்துக்கு வந்துவிட்டது.) நாளடைவில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஊரிலிருந்து சுருங்கிக் குடும்பம் வாழும் கூரைக்குக் கீழே வந்து நின்றது. ஆனால் பழைய பொருள் முழுதாகப் போய்விடவில்லை. லண்டனில் வேலை பார்க்கும் யார்க்‌ஷயர்க்காரர் கிறிஸ்துமஸுக்கு ஹோம் போகிறேன் என்றால் அவர் ஊருக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

நாமும் அப்படித்தானே. சென்னையில் வேலை பார்க்கிறவர் பொங்கலுக்கு முந்தைய இரவு கிளாம்பாக்கத்தில் பையும் கையுமாக நிற்கும்போது "ஊருக்குப் போறேன்" என்பார். "வீட்டுக்குப் போறேன்" என்றால் வேளச்சேரி வாடகை வீட்டுக்குத் திரும்புகிறார். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. "சொந்த ஊர் எது?" என்ற கேள்விக்குள் பிறந்த இடம், பாட்டன் பூட்டன், குலதெய்வம், காடு கரை எல்லாம் அடங்கும். ஹோம் டவுன் என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் தேட வேண்டியதில்லை. ஹோம் கார்டு என்ற அமைப்புக்கு ஊர்க்காவல் படை என்று பெயர் வைத்தவருக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. 'வீட்டுக்காவல்' என்று அவர் எழுதியிருந்தால் பொருள் சிறைவாசத்துக்குப் போயிருக்கும்!

சரி, வீடு எங்கிருந்து வந்தது? விடு என்ற வினையிலிருந்து. கெடு கேடாகிறது, சுடு சூடாகிறது, பெறு பேறாகிறது, அதுபோல விடு வீடாகிறது. முதலெழுத்து நீண்டு தொழிற்பெயராவதை இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். ஆக, வீடு என்றால் முதலில் விடுதல். குறள் 791-ஐப் பாருங்கள்:

நாடாது நட்டலிற் கேடில்லை நட்டபின்
வீடில்லை நட்பாள் பவர்க்கு.

ஆராயாமல் ஒருவரோடு நட்புக் கொள்வதைவிடப் பெரிய கேடு இல்லை, ஏனென்றால் நட்பை மதிப்பவர்களுக்கு ஒருமுறை நட்டபின் அதிலிருந்து விடுபடுவது கிடையாது என்கிறார் வள்ளுவர். இங்கே 'வீடில்லை' என்பதை இன்றைய கண்ணால் படித்தால் நண்பர்களுக்குக் குடியிருக்க இடமில்லை என்றாகிவிடும். கேடும் வீடும் ஒரே அச்சில் வார்த்த சொற்களாக அடுத்தடுத்து நிற்பது கூடுதல் அழகு. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் வரும் வீடும் இதே விடுதலைதான். பிறவியை விடுவது.

விடுதல் எப்படிக் குடியிருக்கும் இடமானது? வேலை விட்டு வந்து தங்குமிடம், அதனால் வீடு என்று சொல்லாய்வாளர்கள் விளக்கம் தருவார்கள். எனக்கு இது ஏற்கத் தக்கதாகவே படுகிறது. பள்ளிக்கூடம் 'விட்டு', ஆபீஸ் 'விட்டு' போகிற இடம்தானே வீடு. பயணத்தில் இறங்கித் தங்கும் இடத்துக்கு விடுதி என்றும், படை இறங்கித் தங்கும் இடத்துக்குப் படைவீடு என்றும் பெயர் வந்தது இதற்குத் துணை நிற்கிறது. முருகனின் அறுபடை வீடும் இந்த வழியில் வைத்துப் பார்க்கக்கூடிய சொல்லே.

பழைய பாடல்களில் குடும்பம் வாழுமிடத்துக்குப் பெரும்பாலும் வேறு சொற்கள். இல், மனை, அகம், நகர். ஆமாம், நகர் என்பது மாளிகையையும் குறித்தது. இன்று ரியல் எஸ்டேட்காரர்கள் வயலில் கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்து நகர் என்கிறார்கள், அது வேறு கதை. ஒரு தாயின் குடிசைத் தூணைப் பிடித்துக்கொண்டு 'உன் மகன் எங்கே?' என்று ஒரு பெண் கேட்பதாக வரும் புறநானூற்றுப் பாட்டில் அந்த வீடு 'சிற்றில்'. இல் தனியாக நின்ற காலம் போய், இல்லாள், இல்லறம், இல்லம் என்று கூட்டுச் சொற்களில் பிழைத்திருக்கிறது. தெலுங்கில் இல்லு இன்றும் அன்றாடச் சொல். மனை நமக்குக் கட்டடத்தை இழந்து வெறும் நிலமாகிவிட்டது. மனைப் பட்டா வாங்கலாம், மனையில் படுத்துத் தூங்க முடியாது. கன்னடத்தில் மனெ இன்னும் வீடுதான். அகம் தேய்ந்து பிராமணர் பேச்சில் 'ஆம்' ஆகி, ஆத்துல, ஆத்துக்காரர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றாடப் பேச்சில் வீடு கட்டடத்தைக் குறிப்பதைவிட ஆட்களைக் குறிப்பதுதான் அதிகம் என்று தோன்றுகிறது. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால் சுவரிடம் கேட்கப் போவதில்லை, மனைவியிடம் கேட்கப் போகிறார். "வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்று ஒரு பெண் சொன்னால் வந்தது கணவரா, வாடகை கேட்டு வந்த ஓனரா என்பது இடத்தைப் பொறுத்தது. பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு. ஆணுக்கு அப்படிக் கிடையாது, அவன் போய்த் தங்கினால் வீட்டோடு மாப்பிள்ளை என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லப்படுவான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனாலோ அது மாமியார் வீடு. சின்ன வீடு பற்றி விளக்க வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நிகழ்ச்சியே வீடாவது. நெல்லைப் பக்கம் கல்யாண வீடு, விசேஷ வீடு, கேத வீடு (துக்க வீடு) என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், கலியாண வீடு, சாமத்திய வீடு (பெண் பூப்பெய்தியதற்கான சடங்கு), செத்த வீடு என்றால் நிகழ்ச்சிதான் முதல் பொருள். "கலியாண வீடு மண்டபத்தில நடந்தது" என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு முரணும் தெரியாது.

இவ்வளவு வளத்தோடு இருக்கும்போது ஹோம் என்ற சொல்லை அப்படியே கடன் வாங்கி என்ன செய்தோம்? "அம்மாவ ஹோம்ல சேர்த்துட்டாங்க." தமிழ்ப் பேச்சில் ஹோம் தனியாக வந்தால் பெரும்பாலும் இதுதான். வீடு இல்லாத இடத்துக்குப் பெயர் ஹோம். ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் உண்டு, ஆனால் அங்கே அது பத்தில் ஒன்று. நாம் அதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டோம். எழுத்தில் இதற்கு இல்லம் நிலைத்துவிட்டது. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசு கூர்நோக்கு இல்லம். காப்பகம் என்பதும் நல்ல சொல்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஹோம் என்று கண்டவுடன் இல்லம் என்று எழுதுவது மட்டும் எனக்கு ஒத்துவராது. இல்லம் மேடைச் சொல். கல்யாணப் பத்திரிகையில் 'எங்கள் இல்லத் திருமணம்' என்று வரும், வாசலில் 'அன்பு இல்லம்' என்று கல்லில் வெட்டுவார்கள், கவிஞர் குடியிருந்த வீடு நினைவு இல்லம் ஆகும். யாரும் இல்லத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. ஹோம் லோன் வீட்டுக் கடன்தான், ஹோம்வொர்க் வீட்டுப்பாடம்தான், மெஸ் பலகையில் வீட்டுச் சாப்பாடுதான்.

கணினியிலும் கைபேசியிலும் வரும் ஹோமுக்கு வீடும் சரிப்படாது, இல்லமும் சரிப்படாது. திறந்தவுடன் கண்ணில் படும் பக்கம் அது. முகப்பு என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. முகப்பும் வீட்டிலிருந்து போன சொல்தான் என்பது வசதி. செட்டிநாட்டு வீடுகளில் தெருவைப் பார்த்த முன்பகுதி முகப்பு, அதைத் தாண்டினால் வளவு. கிரிக்கெட்டில் ஹோம் டீம் என்றால் பத்திரிகைக்காரர்கள் 'சொந்த மண்ணில்' என்று எழுதிப் பழகிவிட்டார்கள். கொஞ்சம் வீரம் கூடுதல், ஆனாலும் பொருள் சரி. உள்துறை அமைச்சகத்தில் இருக்கும் ஹோம், வெளியுறவுக்கு எதிரானது. பிரிட்டனில் 1782-ல் உள்நாட்டு விவகாரங்களையும் வெளிநாட்டு விவகாரங்களையும் இரண்டு அலுவலகங்களாகப் பிரித்தபோது அப்படிப் பெயரிட்டார்கள். இலங்கையில் உள்நாட்டலுவல்கள் என்பார்கள். அது இன்னும் தெளிவு.

ஒர்க் ஃப்ரம் ஹோம் ஒன்று பாக்கி. 2020-ல் ஊரடங்கு வந்தபோது பத்திரிகைகள் இதை 'வீட்டிலிருந்தே வேலை' என்று எழுதின. பிழையில்லை. ஆனால் சென்னையில் அறையைக் காலி செய்துவிட்டு, மடிக்கணினியோடு தென்காசிக்கும் பட்டுக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்த பையன்களைப் பற்றி அவர்களுடைய அப்பாக்கள் பேசியது வேறு மாதிரி. "தம்பி இப்ப ஊர்லேர்ந்துதான் வேலை பாக்குறான்."