சூடு செதுக்கிய உருவம்

சென்ற மாதம் ஒரு வாசகர் இரண்டு மின்சார பைக்குகளின் படங்களை அனுப்பியிருந்தார். முதலாவது, அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜோயி ருய்ட்டர் செய்த 'மோட்டோ அன்டன்'. கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு பெட்டி, இரண்டு சக்கரம், அவ்வளவுதான். இரண்டாவது, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2019-இல் காட்டிய 'விஷன் டிசி ரோட்ஸ்டர்'. அதன் இரு பக்கமும் விலா எலும்பு போல உலோகத் தகடுகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. "ஒன்றில் எதுவுமே இல்லை. இன்னொன்றில் இன்ஜினே இல்லாத வண்டிக்கு இன்ஜின் மாதிரி ஃபின் வைத்திருக்கிறார்கள். இது ஏமாற்று வேலைதானே?" என்பது அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி. பதிலை பெட்ரோல் பைக்கிலிருந்து தொடங்குகிறேன்.

கார்புரேட்டருக்கு பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும் என்பதால் டேங்க் மேலே போனது. எடை நடுவில் இருக்க வேண்டும் என்பதால் இன்ஜின் நடுவில் உட்கார்ந்தது. புகைக்கு ஒரு குழாய் வேண்டும், சைலன்சர் வந்தது. மின்மோட்டாருக்கு இந்தக் கட்டாயங்கள் இல்லை. சுருளில் மின்சாரம் ஓடுகிறது, காந்தம் சுழல்கிறது, சக்கரம் உருள்கிறது, பள்ளியில் படித்ததுதான். ருய்ட்டர் மோட்டாரைப் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே, அதாவது அதன் நடுக்குடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். நடுவில் பேட்டரியைத் தவிர பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை, ஒரு பெட்டியே போதுமானதாகிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் பட்டறை வைத்திருக்கும் ஹியூகோ எக்கிள்ஸும் இப்படித்தான் யோசித்தார். 'ஸீரோ எஸ்ஆர்/எஃப்' என்ற 110 குதிரைத்திறன் மின்பைக்கைப் பிரித்து 'எக்ஸ்பி ஸீரோ'வைச் செய்தபோது, அது பெட்ரோல் வண்டி போல வேஷம் போடக் கூடாது என்பதில் குறியாக இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸின் பீட்டர்சன் அருங்காட்சியகம் இத்தகைய மின்பைக்குகளுக்கென்றே 2019-இலும் 2022-இலும் தனிக் கண்காட்சிகள் வைத்தது.

சரி, அந்தத் தகடுகளுக்கு வருவோம். எனக்கு மோட்டார் சைக்கிளிலேயே மிகவும் பிடித்த உறுப்பு அதுதான்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். இன்னொரு பகுதி சிலிண்டர் சுவரில் ஏறும், அதைக் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். அலுமினியத்துக்குள் வெப்பம் சரசரவென்று ஓடும். காற்று அதைவிடப் பல ஆயிரம் மடங்கு மோசமான கடத்தி. ஆகவே உலோகம்தான் கையை நீட்டி, முடிந்த அளவு பரப்பைக் காற்றுக்குக் காட்ட வேண்டும். அப்படி நீட்டிய கைதான் ஃபின்.

பழைய பைக் ஒன்றின் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஆறிய பிறகு. ஒவ்வொரு ஃபின்னும் அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்கும். வார்ப்பு அச்சிலிருந்து சுலபமாக உருவ இந்தச் சரிவு உதவுகிறது. ஆனால் இயற்பியலும் அதையே கேட்கிறது. வெப்பம் அடியிலிருந்து நுனிக்குப் போகும் வழியெல்லாம் இரு பக்கமும் காற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நுனிக்கு வரும்போது சுமக்கவே கொஞ்சம்தான் மிச்சம். கொஞ்சச் சுமைக்கு மெல்லிய உலோகம் போதும். ஃபின்னை இன்னும் நீளமாக்கினால்? ஓர் அளவுக்கு மேல் நுனியும் காற்றும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், பயனில்லை. சரி, நெருக்கமாக அடுக்கினால்? உலோகப் பரப்பை ஒட்டி எப்போதும் மந்தமான காற்றுப் படலம் ஒன்று இருக்கும். இரண்டு ஃபின்களின் படலங்கள் நடுவில் முட்டிக்கொண்டால் இடையில் சூடான காற்று தேங்கிவிடும். அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தீர்மானிப்பது இதுதான்.

சில டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் ஃபின்களுக்கு நடுவே சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளைச் செருகியிருப்பார்கள். மெல்லிய தகடு அல்லவா, இசைக்கவை போல ரீங்காரம் போடும். அதை அடக்கத்தான் ரப்பர். சின்ன வயதில் அதைப் பிடுங்கி அழிரப்பராகப் பயன்படுத்தப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

1923-இல் பி.எம்.டபிள்யூவின் மாக்ஸ் ஃபிரிட்ஸ் 'ஆர் 32' பைக்கை வடிவமைத்தபோது செய்ததும் சூட்டுக்காகத்தான். எதிரெதிராக இருக்கும் இரண்டு சிலிண்டர்களை வண்டியின் நீளவாக்கில் வைத்தால் பின்னால் இருப்பதற்குக் காற்று சரியாகக் கிடைக்காது. அதைத் திருப்பி, இரண்டையும் பக்கவாட்டில் காற்றுக்குள் நீட்டிவிட்டார். அந்தத் தோற்றம் இன்றுவரை அந்த நிறுவனத்தின் அடையாளம். விஷன் டிசி ரோட்ஸ்டரில் அதே இடத்தில் நீட்டி நிற்பவை பேட்டரியின் குளிர்விப்பான்கள். வண்டியைக் கிளப்பும்போது அவை இன்னும் கொஞ்சம் வெளியே நகர்கின்றன.

இது வெறும் நாடகமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்துக்கு 10 கிலோவாட் தர, பெட்ரோல் இன்ஜின் 20 கிலோவாட்டுக்கும் மேல் சூடாக வீசும். மின்மோட்டார் சுமார் ஒரு கிலோவாட் வீசும், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு. அப்படியானால் ஃபின் தேவையில்லைதானே? எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இங்கேதான் வருகிறது. ஃபின் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பது அதற்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. இன்ஜின் ஃபின் 170 டிகிரியில் கொதிக்கிறது. காற்று 35 என்றால் வேறுபாடு 135. மின்பைக்கில் இந்த ஃபின் குளிர்விப்பதோ பேட்டரியை, அது 45-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வேறுபாடு வெறும் 10. அதே பரப்பு பதின்மூன்றில் ஒரு பங்கு சூட்டைத்தான் தள்ளும். சூடு குறைவு என்றாலும் அதைத் தள்ளும் வேகமும் குறைவு, அதனால் பரப்பு வேண்டியிருக்கிறது. அந்த வடிவத்துக்குப் பழைய நினைவு ஒரு காரணம் என்றால், இயற்பியல் இன்னொரு காரணம். மின்பைக்கில் பெட்ரோல் டேங்க் போல ஒரு போலி டேங்க் வைத்தால் நான் ஏற்கமாட்டேன். இதை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியாது.

நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 1998-இல் மோட்டார் சைக்கிள்களைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தபோது, அதைத் தொகுத்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஃபால்கோ என்ற இயற்பியலாளர். நம்மிடமும் இது நடக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். 1850-இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் ஒரே சென்னையில்தான் இருக்கின்றன. சிற்பம் படிக்கும் பெண்ணும் வெப்பப் பரிமாற்றம் படிக்கும் பையனும் சேர்ந்து ஒரு பேட்டரி உறையை வார்த்துப் பார்க்க அரசு பணம் தர வேண்டும். மின்வண்டி வாங்குபவருக்கு மானியம் கொடுத்தால் மட்டும் போதாது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2024-இல் மிலானில் காட்டிய 'ஃப்ளையிங் ஃப்ளீ சி6' மின்பைக்கிலும் ஃபின் உண்டு. அதன் பேட்டரி உறை மக்னீசியத்தால் ஆனது. மே மாதம் நம் ஊரில் காற்றே 42 டிகிரிக்குப் போகும் மதியங்களில் அந்த ஃபின்களுக்குக் கிடைக்கும் வேறுபாடு மூன்று டிகிரிதான். அப்போது எந்த அழகான ஃபின்னும் பெரிதாக உதவாது. சூட்டை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டு, சாயங்காலக் கடற்காற்று வரும் வரை பேட்டரியின் எடைதான் தாக்குப்பிடிக்க வேண்டும்.