16 ஓம்ஸ் யூனிட், 8 ஓம்ஸ் கிராஸ்ஓவர்: பழைய ஹாரன் ஸ்பீக்கரில் கைவைக்கும் முன்

மஞ்சப்பையில் இரண்டு மரப்பலகைகளைப் போட்டு எடுத்து வந்திருந்தார் அந்த வாடிக்கையாளர். பழைய கிளிப்ஷ் லா ஸ்காலா ஸ்பீக்கரின் கிராஸ்ஓவர்கள், ஏஏ வகை. பாட்டைத் தாழ்ந்த, நடு, உச்ச ஸ்தாயிகளாகப் பிரித்து அந்தந்த யூனிட்டுக்கு அனுப்புவது கிராஸ்ஓவர். பெட்டிகளைக் கொண்டுவர வேண்டுமென்றால் குட்டியானை பிடிக்க வேண்டும். அதனால் பலகைகளை மட்டும் கழற்றி எடுத்துவரச் சொல்லியிருந்தேன்.

“சார், பாட்டு காதைக் குத்துச்சு. நெட்ல பாத்து மிட்ரேஞ்சை ஒரு டாப் இறக்கினேன். குத்தறது போச்சு. ஆனா இப்ப பாடறவங்களுக்கெல்லாம் தொண்டை கட்டின மாதிரி இருக்கு.”

அவர் செய்தது இவ்வளவுதான்: மிட்ரேஞ்ச், அதாவது நடு ஸ்தாயி பாடும் யூனிட்டுக்குப் போகும் ஒரு கம்பியை ஒரு திருகிலிருந்து கழற்றிப் பக்கத்துத் திருகில் மாட்டியிருக்கிறார். ஈயம்கூட உருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு திருகில் இரண்டு வேலை நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஏஏ பலகையில் மிட்ரேஞ்சுக்கான பாதை எளிமையானது. 13 மைக்ரோஃபாரட் கன்டென்சர் ஒன்று, அதற்கடுத்து ஓர் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஹாரன் என்ற விரிந்த குழலில் மாட்டிய யூனிட், தாழ்ந்த சத்தம் பாடும் ஊஃபரை அமுக்கிவிட்டுத் தான் மட்டும் கத்தும். அதை அடக்கத்தான் டிரான்ஸ்ஃபார்மர். மும்மூன்று டெசிபெல்லாகக் குறைக்க அதில் டாப்கள், அதாவது கம்பி மாட்டும் திருகுகள், உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது 3 டெசிபெல் குறைந்த டாப்பில் இருக்கும். அந்த டாப்பில் 16 ஓம்ஸ் யூனிட், கன்டென்சர் பக்கத்திலிருந்து பார்த்தால் 32 ஓம்ஸாகத் தெரியும். 6 டெசிபெல் டாப்புக்கு இறக்கினால் அதே யூனிட் 64 ஓம்ஸாகத் தெரியும்.

இனி கணக்கு. 1,59,000-ஐ ஓம்ஸால் வகுத்து, வந்ததை மைக்ரோஃபாரடால் வகுத்தால் எந்த ஹெர்ட்ஸிலிருந்து யூனிட் பாட ஆரம்பிக்கும் என்பது வந்துவிடும். 32 ஓம்ஸ், 13 மைக்ரோஃபாரட் என்றால் ஏறக்குறைய 380. வடிவமைத்தவர்கள் நினைத்த 400 ஹெர்ட்ஸ் இதுதான். 64 ஓம்ஸ் போட்டுப் பாருங்கள், 190. அதாவது ஊஃபர் 400 வரை பாடிக்கொண்டிருக்கும்போதே மிட்ரேஞ்சும் 190-லிருந்து கூடவே பாட ஆரம்பித்துவிட்டது. ஆண் குரலின் கனம் முழுக்க இருக்கும் இடத்தில் இரண்டு பேர் ஒன்றாகப் பாடினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? தனக்கு விதிக்காத தாழ்ந்த சத்தத்தில் ஹாரன், யூனிட்டுக்குள் ஆடிச் சத்தம் எழுப்பும் மெல்லிய தகடான டயாஃப்ரத்தைத் தாங்கிப் பிடிக்காது. அது கூடுதலாக ஆடும். சத்தமாக வைத்தால் அங்கேதான் சாகும்.

யூனிட்டின் ஓம்ஸ் எல்லா ஹெர்ட்ஸிலும் ஒன்றாக இருக்காது, அதனால் இது தோராயக் கணக்கு. ஆனால் எந்தப் பக்கம் தப்பு என்று சொல்ல இது போதும். மருந்தும் இரண்டே வழி. கன்டென்சரைப் பாதியாக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே நுழையும் இடத்தில் 68 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைப் பேரலலாகப் போட்டு, 64-ஐ மறுபடி 32 அருகே கொண்டுவரலாம். நான் 6.8 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கன்டென்சர் போட்டுக் கொடுத்தேன். டாப் அவர் விருப்பப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் வீட்டு ஹாலில் மொசைக் தரையும் வெறும் சுவரும்தான், 3 டெசிபெல் குறைத்தது நியாயம்தான்.

இந்த ஸ்பீக்கர்களில் ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்கலாம். பால் கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஹோப் என்ற சின்ன ஊரில் 1946-ல் கம்பெனி ஆரம்பித்தார். லா ஸ்காலா வந்தது 1963-ல். ஆல்டெக் லான்சிங் சினிமா கொட்டகைகளுக்காக வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் வரிசையைச் செய்ததும் 1940-களில்தான். அன்றைக்கு வால்வ் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் வாட் குறைவு. அந்த வாட்டை வைத்து அரங்கத்தை நிரப்ப வேண்டும். ஒரு வாட்டுக்கு 104 டெசிபெல் தரும் லா ஸ்காலாவின் சத்தம், 88 டெசிபெல் தரும் இன்றைய சின்னப் பெட்டியிலிருந்து வர 40 வாட் வேண்டும். அந்தக் கூர்மைதான் இதன் அழகு. கிராஸ்ஓவரில் நீங்கள் செய்யும் தப்பையும் ஆம்ப்பின் இரைச்சலையும் அது அதே கூர்மையோடு கேட்கவைக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, வாடிக்கையாளரை மட்டும் குறை சொன்னால் நன்றாக இருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்ததையும் சொல்கிறேன்.

அந்த வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர் வரிசையின் ஆல்டெக் ஏ7 பெட்டி ஒரு ஜோடி. 811பி ஹாரன், 802 வகை யூனிட். ஒரு பக்கம் டயாஃப்ரத்தில் ஒட்டியிருக்கும் காயில், அதாவது கம்பிச்சுருள், எரிந்துவிட்டது. கிராஸ்ஓவர் 8 ஓம்ஸுக்கானது, 800 ஹெர்ட்ஸ். கிடைத்த டயாஃப்ரமோ 16 ஓம்ஸ். “ஓம்ஸ் கூடினா ஆம்ப்புக்கு நல்லதுதானே” என்று மாட்டிவிட்டேன். சத்தம் வந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் மூக்கில் பேசுவது போல, திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி. ஹாரன்தான் அதிர்கிறது என்று முடிவுகட்டினேன். 811பி வார்ப்பு அலுமினியம். விரலால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும், அதனால் சந்தேகம் வருவது இயல்புதான். காருக்கு அடியில் பூசும் ரப்பர் பெயிண்டை வாங்கி, ஹாரனின் வெளிப்பக்கம் முழுக்க இரண்டு கோட்டு அடித்து, இரண்டு நாள் காயவைத்தேன். மாட்டிப் பார்த்தால் அதே மூக்குக் குரல். இப்போது பார்க்கவும் அசிங்கமாக இருந்தது.

பிறகு ஒரு பெரியவர்தான் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். இந்த இடத்தில் பலரும் தப்பாகச் சொல்வதைத் திருத்த வேண்டும். ஓம்ஸ் இரண்டு மடங்கானால் கிராஸ்ஓவர் பாதியாக இறங்கிவிடும் என்பது ஒற்றைக் கன்டென்சர் இருக்கும் பாதைக்கு மட்டும்தான் சரி, லா ஸ்காலாவின் மிட்ரேஞ்சைப் போல. ஏ7-இல் இருப்பது கன்டென்சரும் ஒரு கம்பிச்சுருளும் சேர்ந்த 12 டெசிபெல் வகை. அதில் ஹெர்ட்ஸ் அப்படியே நிற்கும். அந்த இடத்தில் ஒரு திமில் எழும். ஏறக்குறைய 3.5 டெசிபெல் திமில், சரியாகக் குரலின் நடுவில். மாறாக 16 ஓம்ஸ் கிராஸ்ஓவரில் 8 ஓம்ஸ் யூனிட்டைப் போட்டால் திமிலுக்குப் பதில் பள்ளம் விழும். முன்னதில் குரல் கத்தும், பின்னதில் குரல் பின்னால் போய் நின்றுகொள்ளும். 16 ஓம்ஸ், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை யூனிட்டுக்குப் பேரலலாகப் போட்டதும் மூக்குக் குரல் போய்விட்டது. சத்தம் சற்றுக் குறைந்தது. கிராஸ்ஓவரின் பின்னால் இருக்கும் குமிழைக் கொஞ்சம் திருப்பினோம். ஹாரன் பக்கம் சத்தத்துக்கு எப்போதும் பஞ்சம் இல்லை.

ஆக, டயாஃப்ரம் வாங்குவதற்கு முன் நல்லாயிருக்கும் பக்கத்து யூனிட்டில் மீட்டரை வையுங்கள். 8 ஓம்ஸ் யூனிட் என்றால் மீட்டர் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் இடையே காட்டும். 16 ஓம்ஸ் என்றால் 9-க்கும் 13-க்கும் இடையே. முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளை நம்பாதீர்கள். 50 வருடத்தில் அந்த யூனிட்டை எத்தனை பேர் திறந்திருப்பார்களோ.

டயாஃப்ரம் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. பின்மூடியையும் பழைய டயாஃப்ரத்தையும் கழற்றியதும் வட்டமான ஓர் இடுக்கு தெரியும். காயில் இறங்கும் இடம் அது. இரும்புத் துகள், எரிந்த வார்னிஷ் எல்லாம் அங்கேதான் ஒட்டிக் கிடக்கும். ஊதினால் போகாது, காந்தம் பிடித்து வைத்திருக்கும். மாஸ்கிங் டேப்பை, பசை வெளிப்பக்கம் இருக்குமாறு மடித்து, இடுக்குக்குள் விட்டுச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். டேப்பில் ஒன்றும் ஒட்டாமல் வெளியே வரும்வரை. ஸ்க்ரூ டிரைவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் இழுத்துக்கொண்டு போய்ப் புது டயாஃப்ரத்தின் நடுவில் குத்திவிடும். ஒருமுறை நடந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் மறக்காது. மாட்டிய பிறகு மொபைலில் ஒரு டோன் ஜெனரேட்டரைப் போட்டு, மிக மெல்லிய சத்தத்தில், கிராஸ்ஓவர் ஹெர்ட்ஸுக்கு மேலாக ஏற்றி இறக்கிக் கேளுங்கள். கரகரவென்றால் காயில் உரசுகிறது. திருகுகளைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும்.

விலை குறைந்த மாற்று டயாஃப்ரங்களில் காயில் சரியாக இருக்கும், டயாஃப்ரத்தின் நடுவே குவிந்த பகுதியின் உயரம் சரியாக இருக்காது. டயாஃப்ரத்துக்கும் அதன் முன்னால் சத்தத்தை வழிநடத்தும் ஃபேஸ் பிளக் என்ற துண்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அங்கே சிறிது கூடினாலும் குறைந்தாலும் உச்ச ஸ்தாயிச் சத்தம் மாறிவிடும். அதனால் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாகவே மாற்றச் சொல்கிறேன். செலவு இழுக்கத்தான் செய்யும்.

தொடக்கூடாத விஷயங்கள் இரண்டு. ஆல்னிக்கோ காந்தம் உள்ள யூனிட்டில் காந்தக்கூட்டையே பிரித்துவிடாதீர்கள். பிரித்த கணமே காந்தம் பலம் இழக்கும், மறுபடி சேர்த்தாலும் திரும்பாது. மறுபடி காந்தமேற்றும் இயந்திரம்தான் வழி. இன்னொன்று, ஜப்பானின் டிஏடி 4001 போன்ற யூனிட்களில் டயாஃப்ரம் பெரிலியம். உடைந்துபோயிருந்தால் துடைக்காதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். மூடி, பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள்.

மறுபடி மஞ்சப்பை ஆளின் பலகைக்கு வருகிறேன். அதில் இருந்தவை தகர டப்பா கன்டென்சர்கள், உள்ளே எண்ணெய். அவற்றை மாற்றுவது நியாயமான வேலை. வயதாக ஆக உள்தடை ஏறி, மேல் சத்தம் மங்கிவிடும். புதிது போட்டதும் “ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு, குத்துது” என்று சிலர் திரும்பி வருவதும் இதனால்தான். மங்கின சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. ஒரு வாரம் கேளுங்கள் என்பேன். அப்புறமும் குத்தினால் அரை ஓம்ஸிலிருந்து ஒரு ஓம்ஸ் வரை சீரிஸில் போட்டுத் தருவேன்.

ஆனால் அந்த எண்ணெய் விஷயம் முக்கியம். பழைய எண்ணெய்க் கன்டென்சர்களில் பிசிபி இருக்கலாம். சர்க்யூட் போர்டைச் சொல்லவில்லை; பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல் என்ற ரசாயனம், புற்றுநோய் வரவழைப்பது. அமெரிக்காவில் 1979-ல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தார்கள். பிசிபி இல்லை என்று அச்சடிக்காத பழைய டப்பா என்றால் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வேன். கையுறை, கசிந்திருந்தால் துணியோடு சேர்த்துப் பைக்குள். அறுப்பது, எரிப்பது, காயலான் கடைக்குப் போடுவது எதுவும் கிடையாது.

அதே பலகையில், உச்ச ஸ்தாயி பாடும் யூனிட்டான ட்வீட்டர் பக்கம் ஜீனர் டயோடுகள் இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் ட்வீட்டரைக் காப்பதற்கு. “சத்தத்தைக் கெடுக்குது” என்று வெட்டி எறிகிறவர்கள் உண்டு. அந்தச் சின்ன ட்வீட்டர் தாங்குவது மிகக் கொஞ்சம். வெட்டிய பலகைகள் என்னிடம் வரும்போது எரிந்த ட்வீட்டரும் கூடவே வரும்.

ஹாரனையே மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய ஹாரன்கள் உச்ச ஸ்தாயிச் சத்தத்தை நேர் முன்னால் குவித்துக் கொடுக்கும். யூனிட் தானாகவே மூன்று, நான்கு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறங்க ஆரம்பித்துவிடும். குவிப்பு அந்தக் குறையை மறைக்கும். பக்கவாட்டிலும் சமமாகப் பரப்பும் புது வகை ஹாரனைப் போட்டால் குறை வெளியே வரும். டயாஃப்ரம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், இறங்கிய ஸ்தாயியை மட்டும் ஏற்றிச் சமன்செய்யும் ஈக்வலைசேஷன் போட வேண்டும்.

பலகைகளை எடுத்துப் போனவர் பத்து நாள் கழித்து போன் செய்தார். தொண்டைக்கட்டு தீர்ந்துவிட்டதாம். அடுத்து, ஆம்ப்புக்கு முன்பே சத்தத்தைப் பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவர் போட்டு, மிட்ரேஞ்சை ஆம்ப்போடு நேராக இணைக்கலாமா என்று கேட்டார்.

“உங்க ஏரியால கரன்ட் போய்ப் போய் வருமா சார்?”

“தினமும்.”

ஒவ்வொரு முறை கரன்ட் வரும்போதும் ஆம்ப் ஒரு ‘டொம்’ போடும். நடுவில் எதுவும் இல்லாவிட்டால் அது நேராக டயாஃப்ரத்தில் விழும். 16 ஓம்ஸ் யூனிட்டுக்கு 100 மைக்ரோஃபாரட் சீரிஸில் போட்டால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும், 400-இல் நடக்கும் வேலையைத் தொடாது. முதலில் அந்த இரண்டு கன்டென்சர்களை வாங்குங்கள், ஆம்ப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.