வீட்டில் தேன் ஒயின் போடலாமா? கேட்கப் போனால் பதில் கிடைக்காது

ஒரு கிலோ தேனில் மூன்று லிட்டர் தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், மூடி போட்ட கண்ணாடி ஜாடி. யூடியூப் பார்த்து மீட் என்கிற தேன் ஒயின் போடும் ஆசை நம் பையன்களுக்கும் வந்துவிட்டது. விற்க இல்லை, சும்மா பொழுதுபோக்குக்குத்தான். ஆனாலும் தமிழ்நாட்டில் இது குற்றம். சொந்த உபயோகத்துக்கு இத்தனை லிட்டர் வரை போடலாம் என்ற சலுகை இங்கே கிடையாது.

1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அதன்படி மதுதான். தயாரிப்பது மட்டுமில்லை, வைத்திருப்பதும், தயாரிக்கிற பாத்திரம் பண்டங்களை வைத்திருப்பதும் 4-ம் பிரிவில் வரும். "அடுப்பே பற்றவைக்கலையே சார், இது சாராயம் இல்லையே" என்று ஒரு பையன் கெஞ்சியதை நேரில் பார்த்தேன். அவன் ஜாடியில் அப்போதுதான் நுரை கட்டி, குமிழி விட ஆரம்பித்திருந்தது. வழக்கில் அது 'ஊறல்', அதாவது சாராயம் காய்ச்ச ஊறவைத்த கலவை, ஆகிவிட்டது. காய்ச்சி விற்கிறவனும் அவனும் காகிதத்தில் ஒன்றுதான்.

ஆட்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்று பார்த்தால், முதலில் அந்த வீடியோவில்தான். பேசுகிறவர் அமெரிக்காவில் இருப்பார். அங்கே ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் வருடத்துக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குப் போட மத்திய சட்டம் விடுகிறது. புனேயில் மீட் பாட்டில் கடையில் கிடைக்கிறதே என்றால், அது மகாராஷ்டிர உரிமம். மது மாநில அதிகாரத்தில் வருவது. பக்கத்து மாநில அனுமதி இங்கே செல்லாது. கேரளத்திலேயே 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டு ஒயின் குற்றம் என்று கலால் துறை எச்சரித்தது.

அடுத்தது உணவுப் பாதுகாப்புப் பதிவு. தேன் விற்க எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, தேன் ஒயினும் அதற்குள் அடக்கம் என்று நினைக்கிறார்கள். அடங்காது. மது தயாரிக்க மாநில ஆயத்தீர்வை உரிமம் தனியாக வேண்டும். அது ஆலை வைப்பவர்களுக்கானது, சமையலறைக்கு இல்லை. ஈஸ்ட் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறதே என்பதும் சமாதானம் ஆகாது. அது ரொட்டிக்கும் போடுகிற பொருள். இன்ஸ்டாகிராமில் பாட்டில் படம் போடுவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே எழுதித் தருகிறீர்கள்.

சரி, முறைப்படி கேட்டுவிட்டே செய்வோம் என்று போனால் அலைச்சல்தான் மிச்சம். உணவுப் பாதுகாப்பு அலுவலகம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகச் சொல்லும். அங்கே கலால் உதவி ஆணையர் பிரிவில் "வீட்டுக்குத்தானே, யார் கேட்கப் போறா" என்பார்கள். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். நாளைக்கு வழக்கு வந்தால் அப்படிச் சொன்னவர் சாட்சிக்கு வரமாட்டார். கூடாது என்றால் அதை ஒரு வரியில் எழுதிக் கொடுக்க என்ன தயக்கம் என்று எனக்குப் புரிவதே இல்லை.

எழுத்தில் வேண்டுமென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். "நான் போடலாமா?" என்று கேட்டால், கருத்துச் சொல்ல முடியாது என்று தள்ளிவிடுவார்கள். "தனிநபர் வீட்டில் தேன் ஒயின் தயாரிக்க அனுமதிக்கும் விதியின் நகலும் விண்ணப்பப் படிவமும் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஏற்கனவே போலீஸ் வந்துவிட்டதா? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பறிமுதல் செய்ததை எழுதும் மகஜரில் எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறது, மாதிரி எடுத்து சீல் வைத்தார்களா என்று படித்துப் பாருங்கள். நாலு லிட்டர் ஜாடி நாற்பது லிட்டர் ஆகிவிடக் கூடாது. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

அப்புறம் ஒரு ஆலோசனை வரும்: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா, ஒரே நாளில் முடிஞ்சிடும்." முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். அரசு வேலைக்கான போலீஸ் விசாரணையில் அது வந்து நிற்கும். வக்கீலிடம் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.