கூகையின் காதும் வரப்பெலியின் காலடியும்

பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவும் நேரத்தில் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வயலில் குச்சி நட்டால் கூகை வந்து எலி பிடிக்கும் என்கிறார்களே, அமாவாசை இருட்டில் அதற்கு எலி எப்படித் தெரியும்?"

கூகை என்னும் ஆந்தைக்குக் காதே போதும். 1950களில் ரோஜர் பெய்ன் என்ற உயிரியலாளர், துளி வெளிச்சம் புகாத அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டுப் பார்த்தார். சருகு நொறுங்கிய சத்தத்தை வைத்தே கூகை எலியின்மேல் இறங்கியது.

அதன் தட்டை முகம், சத்தத்தை அள்ளிக் காதில் சேர்க்கும் முறம். இடது காதுத் துளை சற்று மேலே இருந்து கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். வலது துளை கீழே இருந்து மேல்நோக்கியிருக்கும். அதனால் கீழிருந்து வரும் சத்தம் இடக்காதில் உரக்கக் கேட்கும். மேலா கீழா என்பதை இந்த ஏற்றத்தாழ்வு சொல்லிவிடும்.

இடமா வலமா என்பதுதான் அழகான கணக்கு. வலப்பக்கத்து எலியின் சத்தம் வலக்காதுக்கு முந்தி வரும். எவ்வளவு முந்தி? ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. பாளையங்கால்வாய்க் கரையின் இரு முனையிலிருந்தும் இருவர் எதிரெதிரே ஒரே வேகத்தில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் முந்திக் கிளம்பினார் என்பதை அவர்கள் சந்திக்கும் இடமே காட்டிக்கொடுக்கும். கூகையின் மூளைத்தண்டில் நரம்பணுக்கள் அப்படித்தான் வரிசையாக நிற்கின்றன. இரு காதின் துடிப்பும் எந்த அணுவில் ஒரே கணத்தில் வந்து சேர்கிறதோ அது உரக்கத் துடிக்கும். அதன் இடம்தான் எலி இருக்கும் திசை. கேத்தரின் கார், மசகாஸு கொனிஷி என்ற நரம்பியல் ஆய்வாளர்கள் 1980களில் இதைக் கண்டார்கள்.

விஷம் வைத்த வயலில் இதே காதுதான் கூகைக்கு எமனாகிறது. புரோமடையோலோன் என்ற எலிவிஷம் கலந்த தீனியில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் மருந்து இருக்கும். அது வைட்டமின் கே-யை ஈரல் மறுபடி பயன்படுத்தவிடாமல் தடுக்கும். ரத்தம் உறையும் சக்தி போய் எலி சாகச் சில நாளாகும். அதுவரை வளைக்குத் திரும்பாமல் திறந்தவெளியில் தள்ளாடித் திரியும் எலியின் சலசலப்புதான் கூகைக்கு முதலில் கேட்கும். தின்ற எலிகளின் மருந்து அதன் ஈரலிலும் மாதக்கணக்கில் தங்கிச் சேரும். செத்துக் கிடக்கும் கூகைகளின் ஈரலைச் சோதிக்க மாவட்டந்தோறும் பணம் ஒதுக்க வேண்டும். சோதிக்காமல் விட்டால் எல்லாச் சாவும் இயற்கைச் சாவாகவே கணக்கில் ஏறும்.

ஆகவே குச்சியும் விஷமும் ஒரே வயலில் கூடாது. விஷத்துக்குப் பதிலாக வரப்பை ஒடுக்கமாகக் கட்டுங்கள். அகல வரப்பில்தான் வரப்பெலி வளை தோண்டும். நட்டதும் ஏக்கருக்கு 15 முதல் 20 குச்சி போதும். 'ட' எழுத்தைத் திருப்பி வைத்ததுபோல் ஒருபக்கம் நீட்டாமல், இருபக்கமும் சமமாகக் குறுக்குக்கட்டை வைத்து, வழுக்காமலிருக்க வைக்கோல் சுற்றுங்கள். வளர்ந்த பயிருக்கு மேல் மூன்றடியாவது நிற்க வேண்டும். ஆடும் குச்சியில் கூகை உட்காராது. கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள். விட்டுவைத்தால் பகலில் கிளியும் சில்லையும் வந்தமர்ந்து நெல்லைத் தின்னும். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து வயலில் விஷம் தின்ற எலி வரப்பு தாண்டி வரும். ஒரு மடையில் பாயும் வயல்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசித்தான் இதில் இறங்க வேண்டும்.

கூடு வைக்க நிழலான இடத்தில் மரப்பெட்டி: அடிப்பலகை இரண்டடிக்கு ஒன்றரையடி, வாசல் 15 செ.மீ. வாசல் பெட்டியின் அடிப்பலகையிலிருந்து ஒன்றரையடி மேலே இருந்தால் குஞ்சு தவறி விழாது. நான்குவழிச் சாலையோரம் வேண்டாம். தாழப் பறக்கும் கூகை லாரியில் அடிபடும்.

சாக்குருவி என்று கல்லெறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூந்தன்குளத்தில் நாரைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்தவர்கள் நம் நெல்லை மாவட்டத்து ஜனங்கள்தான். கூகை கத்துவது குஞ்சுக்கும் இணைக்கும். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெட்டிக்கடியில் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை கக்கியது அது. கையுறை போட்டு எடுத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். மண்டையோடுகளை எண்ணினால் தின்ற எலிகளின் கணக்கு கிடைக்கும். உடைந்திருந்தால் கீழ்த்தாடைகளை ஜோடி சேர்த்து எண்ணலாம். ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே தேதிபோட்டு எழுதி வைக்கக்கூடிய கணக்கு இது.