திருடனைப் பிடித்த பையன் மீதே வழக்கா? 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கான சட்டம்

காமிக்ஸ் கதைகளில் முகமூடி போட்டுக்கொண்டு கிளம்பும் பள்ளிப் பிள்ளைகளைத் தடுக்க அரசாங்கம் தனியாக ஒரு சட்டமே போடும். நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. இல்லாமலேயே அந்த வேலை நடந்துவிடுகிறது. வியாசர்பாடியிலோ வேளச்சேரியிலோ செல்போனைப் பறித்து ஓடியவனை ஒரு பதினாறு வயதுப் பையன் மடக்குகிறான். தெருவே கைதட்டுகிறது. ராத்திரி பார்த்தால் புகார் அவன் பெயரில். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ஸ்டேஷனில் யாரும் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் (கைது, விசாரணை நடைமுறைகளைச் சொல்லும் சட்டம்) சட்டத்தின் 40ஆவது பிரிவு, போலீஸ் அல்லாதவரும் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்கிறது. வயது வரம்பு கிடையாது. பின்னணி இவ்வளவு போதும். மாட்டிவிடுவதெல்லாம் அதிலுள்ள நிபந்தனைகள்தான்.

குற்றம் அவன் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும். அபார்ட்மெண்ட் சிசிடிவியில் பார்த்தது, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ, 'நேத்து வந்தவன் இவன்தான்' என்று கடைக்காரர் சொன்னது எதுவும் செல்லாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாவைப் போளூர் பக்கம் அடித்தே கொன்றார்கள். அந்தக் கூட்டத்தில் அடித்தவர்களும் தாங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்து, அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாத வகையாகவும் இருக்க வேண்டும். செயின் பறிப்பு, போன் பறிப்பு இதில் வரும். ஆனால் சாதாரணத் திருட்டு, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல்முறை மாட்டியவன், பொருளும் திரும்பிவிட்டது என்றால் தண்டனையே சமூக சேவைதான். அந்த வகையில் பிடித்துவைக்கும் அதிகாரம் பொதுமக்களுக்கு இல்லை. ஓடுகிறவன் கையில் இருப்பது என்ன விலை என்று கேட்டுவிட்டா துரத்த முடியும்? சட்டத்தை எழுதியவர்கள் தெருவில் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

பிடித்தவனை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். வாட்ச்மேன் அறையில் பூட்டிவைத்து 'விசாரணை' நடத்தினால், சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றம் பிடித்தவன் தலையில் விழும். உடனே 112க்கு அழையுங்கள். யாருடைய போனிலிருந்து எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 'நாங்கள் போகும்வரை யாருமே சொல்லவில்லை' என்ற பேச்சு பின்னால் கட்டாயம் வரும்.

பெரும்பாலான பிள்ளைகள் விழும் குழி இதுவல்ல, அடிதான். பொருளைக் காக்கத் தேவையான அளவு பலத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. பொருள் கைக்கு வந்ததும் அந்த உரிமை முடிந்துபோகிறது. போனை வாங்கிய பிறகு கொடுத்த ஒரு அறை தனிக் குற்றம். அதை நண்பன் வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டால் சாட்சியத்தை நீங்களே தயாரித்துக் கொடுத்த மாதிரி. பிடிபட்டவனும் 18க்குக் கீழே என்றால் அவன் முகத்தை வெளியிட்டதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

சரி, வழக்கு வந்துவிட்டது. இனி இளைஞர் நீதிச் சட்டம், 2015. எழுத்தில் நல்ல சட்டம். கேட்டால்தான் கிடைக்கும்.

ஸ்டேஷனில் முதலில் 'குழந்தைகள் நல காவல் அலுவலர் யார்?' என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் இருந்தாக வேண்டும். 'அவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், உட்காருங்க' என்பார்கள். உட்காரலாம், ஆனால் பையன் லாக்கப்பில் இருக்கக்கூடாது, கைவிலங்கு கூடாது, விசாரிக்கும்போது பெற்றோர் கூட இருக்கலாம். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள்படி எந்த வாக்குமூலத்திலும் அவனிடம் கையெழுத்து வாங்கக்கூடாது. உங்களிடம் வாங்குவார்கள். பிள்ளையை அழைத்துப்போக ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது, அது முறையானதுதான். வெற்றுத் தாளிலோ, 'என் மகன் தவறு செய்துவிட்டான்' என்று எழுதிய தாளிலோ போடாதீர்கள்.

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் என்கிற கொடுங்குற்றமாக இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். போடவேண்டியதில்லை. ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இங்கேதான் ஒரு பொறி. கூடவே பத்தொன்பது வயது அண்ணனோ நண்பனோ அடித்திருந்தால் இந்தச் சலுகை போய்விடும், எஃப்.ஐ.ஆர். வரும். பெரியவர்கள் சேர்ந்துகொண்டு சின்னவனை முன்னே தள்ளிவிடுவதும் நடக்கிறது.

வயதை நிரூபிக்க ஆதாரைத்தான் எல்லோரும் நீட்டுகிறார்கள். சட்டம் கேட்கும் வரிசையில் ஆதார் இல்லை. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ முதலில், அது இல்லாவிட்டால் மாநகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. சான்றிதழ் பீரோவில் இருக்க, பையனைப் பரிசோதனைக்கு இழுத்துப்போக விடாதீர்கள். போகும்போதே நகல் கொண்டுபோங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

'கேஸ் ஆனால் வேலை கிடைக்காது, பாஸ்போர்ட் கிடைக்காது, சமாதானமாகப் போயிடுங்க' என்று பயமுறுத்திப் பணம் பறிக்க எப்போதும் யாராவது வாசலில் நிற்பார்கள். சிறார் வழக்கால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வராது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட பதினாறு வயது தாண்டியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வக்கீலுக்குப் பணம் தேடி அலைய வேண்டாம். 18க்குக் கீழே இருப்பவருக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. 15100க்கு அழையுங்கள், அல்லது உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானச் சான்று கேட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவைச் சொல்லுங்கள்.

அப்புறம் சென்னை கெல்லீஸ். அங்கிருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் வாய்தா மேல் வாய்தா விழும். அப்பாவுக்குக் கூலி போகும், பையனுக்குப் பள்ளி போகும். அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம் வரை உள்ள சிறு குற்றத்தில் விசாரணையை முதல் ஆஜரிலிருந்து நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதம். அதற்கும் முடியாவிட்டால் வழக்கு முடிந்ததாகச் சட்டமே சொல்கிறது. தானாக யாரும் கேஸ் கட்டை மூடமாட்டார்கள். முதல் ஆஜர் தேதியை எழுதி வைத்துக்கொண்டு, கெடு முடிந்த மறுநாளே வக்கீலை மனுப் போடச் சொல்லுங்கள்.